டேப்பு அக்கா கடை ஆட்டம்

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போன பெண்களை வேர்க்க விறுவிறுக்க ஆட வைத்துத் திருப்பி அனுப்பும் டெய்லர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவருடைய கடை கோவில்பத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே அமைந்தது ஈசன் எனக்குப் போட்ட பிச்சை.

கழுத்தில் எந்நேரமும் அளவு டேப்பு தொங்குவதால் அவர் டேப்பு அக்கா. குளிக்கும்போதாவது கழற்றுவாரா, தெரியாது. அளவு கொடுக்க நின்றால், "கையத் தூக்குங்க. சுத்துங்க. குனிஞ்சு நாத்து நடுங்க" என்பார்.

"அக்கா, நான் ஆபீஸ் போறவ!"

"அப்ப பஸ்ல கம்பியப் புடிங்க. கையத் தூக்குனா கிழியிற ஜாக்கெட்ட நான் தைக்கிறதில்ல."

இப்படித் தொடங்கியதுதான் கடை வாசல் தகரக் கொட்டகையில் சாயந்தர ஆட்டம். மெஷினை மூடிவிட்டு செல்போனில் தவில் போடுவார். சட்டம் ஒன்றே ஒன்று. யார் முன்னால் வந்து நிற்கிறாரோ, அவர் எப்படி அசைகிறாரோ, மற்றவர்களும் அப்படியே அசைய வேண்டும். மீன்காரம்மா தலையிலிருந்து கூடையை இறக்குவார். வயல்காரப் பெண்கள், வாத்தியாரம்மா எல்லோரும் இல்லாத கூடையை இறக்குவோம். முடிந்ததும் கண்ணை மூடி மூச்சைக் கவனித்து நிற்க வேண்டும். மீன்காரம்மா நின்றபடியே குறட்டை விடுவார். "எழுப்பாதீங்க, அதுவும் தியானந்தான்" என்பார் அக்கா.

பிரதோஷம் தவறாத நான் தெருவில் ஆடுவதா என்றுதான் முதலில் இருந்தேன். வீட்டு நிலைமை என்னை அங்கே தள்ளியது. என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. எட்டு மாதமாக அவர் வாசலைத் தாண்டவில்லை. ஆள் வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவார். "என்னைய இப்புடி யாரும் பாக்கக் கூடாது" என்பார். ஒரு தரமாவது அவர் தெருவில் இறங்க வேண்டும் என்பதுதான் சாமியிடம் என் வேண்டுதல். அழுகை வரும்போதெல்லாம் எதிர்க்கடைக்குப் போய் ஆடினேன்.

ஒரு சாயந்தரம் சிலிண்டர் வந்துவிட்டது. சிலிண்டர்காரர் கேட்ட ஓடிபி என் போனில். போன் என் இடுப்பில். கண்ணை மூடி நின்ற எனக்கு எதுவும் தெரியவில்லை. கண்ணைத் திறந்தால், எங்களுக்கு முன்னால் என் வீட்டுக்காரர்! கோபத்தில் காலை இழுத்து இழுத்து, மடங்கிய கையோடு வந்துகொண்டிருந்தார்.

சட்டப்படி அத்தனை பேரும் இடது கையை மடக்கிக் காலை இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர் முகம் கறுத்தது. "என்னாடி, எல்லாருமா சேந்து நக்கலா?"

எனக்கு உயிரே போய்விட்டது. இனி இந்த மனுஷர் வாசலைப் பார்ப்பாரா?

"நக்கல் இல்லீங்கண்ணே, இங்க முன்னால வர்றவங்கதான் வாத்தியார்" என்றார் டேப்பு அக்கா, இழுத்த காலை இழுத்தபடியே.

அதற்குள் மீன்காரம்மா தடுமாறித் தூணைப் பிடித்தார். "ஆத்தாடி, கூடை தூக்குற எனக்கே முடியலியே! எப்புடிண்ணே இத்தன தூரம் நடந்து வந்தீங்க?"

என் வீட்டுக்காரர் மீன்காரம்மாவின் காலையே பார்த்தார்.

"கால அப்புடி வீசக் கூடாதும்மா" என்றார் மெதுவாக. "இடுப்புலேருந்து தூக்கணும். இப்புடி."

கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்தவர் மாதக்கணக்கில் சொல்லியும் இவர் செய்யாத அதே பயிற்சி! பிறகு நல்ல கையால் முடங்கிய கையைத் தலைக்கு மேல் தூக்கினார். எல்லோரும் தூக்கினோம். தெருவில் சிலிண்டர்காரரும் தூக்கியிருந்தார். இவர் சிரித்துவிட்டார்.

கை இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. மாத்திரை ஓடுகிறது. ஆனால் சாயந்தரமானால் எனக்கு முன்னாலேயே சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்.

போன பிரதோஷத்துக்கு என்னோடு கோயிலுக்கு வந்தார். அர்ச்சனைக்கு எங்கள் பெயர்களைச் சொல்லி முடித்துவிட்டு, "டேப்பு அக்கா" என்றார்.

"நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

"தெரியாதுங்க சாமி" என்றார் இவர். "எங்க வீட்டு ஆளுன்னு சொல்லுங்க."