மேட்டில் நின்ற மாங்கா வண்டி

சந்திரகிரி மேட்டில் மினி லாரி நாலாவது தடவையாகக் குலுங்கிவிட்டு அணைந்தது. ரூபா ஸ்டியரிங்கில் ஒரு குத்து விட்டாள். சித்தூரிலிருந்து சமதளத்தில் ஒழுங்காக வந்த வண்டி, திருப்பதி மண்டி கிட்டத்தில் இருக்கும்போது, ஒரு மாங்கூழ் ஃபேக்டரியின் சாத்திய கேட்டுக்கு எதிரே இப்படி மானத்தை வாங்கியது.

கிளட்ச் பழகி பத்து நாள்தான். அவளைப் பெற்ற நைனா கங்கையா மாமரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு கிடந்தார். "வழியில ஒருத்தரையும் கூப்புடாம மண்டியில லோடு எறக்கினா வண்டி உனுது. இல்லாட்டி நாளைக்கே உன் சித்தப்பன் ஹரிபாபுவுக்குக் குடுத்துடுவேன்." ஹரிபாபு அப்போதே வந்து டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

கண்ணாடியில் பார்த்தாள். மாங்காய் டிராக்டர் ஒன்று பின்னால் நின்றது. ஹாரன் அடிக்கவில்லை. அதுதான் உதறலாக இருந்தது.

கிளட்ச்சை விட்டாள். வண்டி நாலடி துள்ளி அணைந்தது. டிராக்டரும் நாலடி வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று.

"முந்திக்கினு போ ணா!"

டிராக்டர்க்காரர் கோவர்த்தனன் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் அந்த மாதிரி ஆளில்ல பாப்பா. நீ முன்னால வந்தவ."

நக்கல் என்று நினைத்தாள். வெறியோடு எடுத்ததில் வண்டி பின்னால் உருண்டது. கோவர்த்தனன் குதித்து வந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

"நான் உதவி கேக்கல!"

"கேக்காமத்தானே வெச்சேன்."

போன் அடித்தது. "வண்டி ஆஃப் ஆச்சா?" என்றார் நைனா.

"இல்ல நைனா, டிராஃபிக்."

திரும்பிப் பார்த்தாள். பதினோரு டிராக்டர். சொன்னது பொய்யில்லை.

ஒருவர் ஜன்னலில் டீ நீட்டினார். ஒருவர் டிராக்டருக்கடியில் கோணியை விரித்துப் படுத்தார். இன்னொருவர் மூன்று கல்லைக் கூட்டிச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

'நான் இன்னைக்கு எடுக்கவே மாட்டேன்னு முடிவே பண்ணிட்டானுங்களா?'

பத்து நாளில் வராததைக் கோபம் கொண்டுவந்தது. இடதுகால் மெதுவாக எழுந்தது, வலதுகால் அமுக்கியது. வண்டி கல்லை விட்டு நகர்ந்தது. ஃபர்ஸ்ட், செகண்ட், மேட்டு உச்சியில் தேர்டு!

கண்ணாடியில் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோணிக்காரர் எழுந்து ஓடினார். வடித்த சோறு பானையோடு டிராக்டரில் ஏறியது. மொத்தக் கூட்டமும் புகை கக்கிக்கொண்டு அவளைத் துரத்தியது.

'பின்னால உருண்டப்போ இடிச்சிட்டேனா?'

மண்டிவரை அவள் பிரேக்கைத் தொடவில்லை. லோடு இறங்கியதும் போன் போட்டாள்.

"எறக்கிட்டேன் நைனா."

"நெஜமா? ஒருத்தரையும் கூப்புடலியே?"

"ஒருத்தரையும் கூப்புடல நைனா."

"அப்போ வண்டி உனுது."

அவள் போனை வைக்கவும், மண்டி வாசலில் டிராக்டர்கள் வரிசை கலையாமல் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. கோவர்த்தனன் மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

"ஏம்மா, வரிசையில மொதல் வண்டி உனுதுதானே? கூழ் ஃபேக்டரி கேட்டை எப்போ இங்க மாத்தினாங்கோ?"