லண்டன் பக்கம்தான்

ஜொகூர் மாநிலத்திலேயே கிலோமீட்டர் என்ற ஒன்றை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் ஜாம் அண்ணன்தான்.

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்கு நானும் அவரும் பத்து வருடம் ஒரே பஸ்ஸில் போனோம். கல்யாண மண்டபம் எவ்வளவு தூரம் என்று கேட்டால், "நாப்பது நிமிஷம். மழைன்னா ஒன்னேகால்" என்பார். சிங்கப்பூர் எல்லைப் பாலத்து ஜாமில் பஸ் நின்றால் எல்லோரும் டிரைவரைத் திட்டுவோம். அண்ணன் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். அதனால்தான் அந்தப் பெயர்.

அவர் மகள் தர்ஷினி நர்ஸ். லண்டனில் வேலை கிடைத்ததும் சொந்தக்காரர்கள் கொதித்துப் போனார்கள். பத்து பாகாட் ஊரிலிருந்து தாய்மாமனே கிளம்பி வந்துவிட்டார். அவர் தடுத்தால் அந்தப் பெண் மறுபேச்சுப் பேசமாட்டாள், வேலை கைவிட்டுப் போய்விடும். நானும் அண்ணன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மாமன் கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டினார். "பாருங்க மச்சான், கிட்டத்தட்ட பதினோராயிரம் கிலோமீட்டர்! பொம்பளப் புள்ளைய இவ்ளோ தூரமா அனுப்புறது?"

"கிலோமீட்டர யாரு கேட்டா? நேரத்தச் சொல்லுங்க."

"பதினாலு மணி நேரம்."

"நான் வேலைக்குப் போக ரெண்டரை, திரும்ப மூணு. மூணு நாளைக்குப் பதினாறரை மணி நேரம் ஆச்சா? அதுக்குள்ள எம்பொண்ணு லண்டன்ல எறங்கி, குளிச்சு, சாப்டுருவா. இப்பச் சொல்லுங்க, லண்டன் தூரமா, சிங்கப்பூர் தூரமா?"

"அலமாக்!" மாமன் தலையில் கைவைத்தார். "இது என்ன கணக்கு?"

"ஆகாசத்துல ஜாம் இல்லலா! எவன் வந்து தடுத்தாலும் எம்பொண்ணு போவா."

ஊற்றி வைத்த தேநீரைக்கூடத் தொடாமல் மாமன் காரை எடுத்தார். "ஒன்னரை மணி நேரம், பாத்துப் போங்க!" என்று அண்ணன் வாசலிலிருந்து கத்தினார். எனக்கு எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது.

தர்ஷினி போனாள். அதன் பிறகு யாராவது "மகள் தூரத்துல இருக்கா, பாவம்" என்று ஆரம்பித்தால் போதும், அண்ணன் சண்டைக்கே போய்விடுவார். போன வருடம் அவரே மூன்று வாரம் லண்டன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், பஸ் பாலத்தில் அசையாமல் நின்றது. அண்ணன் கையில் கடிகாரம் இல்லை.

"பயணம் எப்படிண்ணே?"

"போறப்ப பதினாலு மணி நேரம், கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள போச்சு. வர்றப்ப ஒரு மணி நேரம் கம்மின்னு சொன்னாங்க. பொய்யி தம்பி. முடியவே இல்ல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தூரந்தான்லா. ரொம்பத் தூரம். மச்சான்கிட்ட மட்டும் சொல்லிடாத."

சென்ற மாதம் ஒரு கல்யாணத்தில் அந்த மாமன் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீயே சொல்லுப்பா, லண்டன் தூரந்தானே?"

பந்தியின் மறுகோடியில் அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாலு மணி நேரந்தாங்க. பக்கம்தான்" என்றேன். இன்றைக்கும் யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.