அப்பாவின் முட்டி

“உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லு லூபே, கோளாறு குழந்தை கால்ல இல்ல. எங்கப்பா கால்ல.”

வீகா இதை ஈரப்பலா மரத்தடியில் நின்றுகொண்டு சொன்னாள். சோசையா வீட்டுக்குள் ஜன்னலோரம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்கா சொன்ன ஒவ்வொரு எழுத்தும் அவன் காதில் விழுந்தது. ஆனால் வளர்ந்த அக்காவும் தம்பியும் முகத்துக்கு முகம் பார்த்து வழக்காடுவது வவாவு தீவில் மரியாதை இல்லை. ஆகவே லூபே வாசற்படியில் நின்று உள்ளே திரும்பினாள்.

“கோளாறு உங்கப்பா கால்லயாம்.”

“அப்பா செத்துப் பதினஞ்சு வருஷமாச்சுன்னு சொல்லு.”

“அண்ணி, மாமா செத்து...”

“கேட்டுச்சு. செத்தவங்களுக்காவது எலும்பு இருக்கு, உசுரோட இருக்கறவனுக்கு வெறும் திமிருதான் இருக்குன்னு சொல்லு.”

லூபே இதை அப்படியே சொல்லவில்லை. “யோசிக்கச் சொல்றாங்க” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இந்தத் தபால் வேலையைப் பார்த்து அவளுக்கு நல்ல பழக்கம்.

சியாலேக்குப் பதினேழு மாதம் முடிந்துவிட்டது. இன்னும் நடக்கவில்லை. அவள் வயசுத் தெருப்பிள்ளைகள் எல்லாம் பன்றிக்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடின. இவள் தவழ்ந்துபோய் ஒரு இடத்தில் உட்கார்ந்து, ஓடுகிறவர்களை மேற்பார்வை பார்த்தாள்.

“நம்ம வம்சத்துல பத்து மாசத்துல எல்லாரும் ஓடியாச்சு” என்பது வீகாவின் தினசரிப் பேச்சு. “இந்த சோசையா ஒருத்தன்தான் ரெண்டு வயசு வரைக்கும் அம்மா இடுப்ப விட்டு எறங்கல. அது சோம்பேறித்தனம். இது வேற.”

குழந்தைக்குப் பெயர் வைத்தவளே வீகாதான். தகப்பனின் அக்காவுக்குத்தான் அந்த உரிமை. அவள் சொன்னால் அந்த வீட்டில் சட்டம். அவளுக்கு மேலே கடவுள் ஒருவர் இருக்கிறார். அவரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் எதையும் செய்வார் என்று லூபே நம்பினாள்.

சிரிக்கிற விஷயமாக இருந்தால் லூபேயும் சிரித்திருப்பாள். ஆனால் சியாலேக்கு முன்னால் ஒரு பையன் பிறந்து, பல் முளைக்குமுன் காய்ச்சலில் போய்விட்டான். தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போன பிள்ளையைப் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். கடலோரக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சின்ன மணல் மேடு இருக்கிறது. அதைப் பெற்றவளுக்கு, எந்தத் தாமதமும் வெறும் தாமதமாகப் படாது. சோசையாவுக்கும் பயம்தான். அவன் அதைச் சொல்லாமல் குழந்தையின் பாதத்தைப் பிடித்துப் பிடித்துப் பார்ப்பான்.

சுகாதார நிலைய நர்ஸ், “சில பிள்ளைங்க லேட்டாத்தான் நடக்கும். கிறிஸ்துமஸ் வரைக்கும் பாருங்க. நடக்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்” என்றாள். அவள் சொன்னதில் ‘பெரிய ஆஸ்பத்திரி’ மட்டும்தான் லூபேயின் காதில் நின்றது. வீட்டுக்கு வரும்வரை அழுதாள்.

வீகா களத்தில் இறங்கினாள். தேங்காயெண்ணெயில் இலை தழைகளைக் காய்ச்சி, காலையும் மாலையும் சியாலேயின் காலைப் பிடித்து உருவினாள். அதுவரை முற்றம் முழுக்கத் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை, அதன்பிறகு எண்ணெய்ப் புட்டியைக் கண்டாலே நத்தையாகச் சுருண்டுகொண்டது. தவழ்வதும் நின்றுபோயிற்று.

“மண்ணுல நட்டா கால் கெட்டிப்படும்” என்றாள் வீகா.

கடல் உள்வாங்கிய நேரத்தில் ஈர மணலில் குழி தோண்டி, குழந்தையை இடுப்புவரை நட்டுவைத்தார்கள். சியாலே கிடைத்த மணலையெல்லாம் தின்றாள். வயிற்றுப்போக்கு பிடித்துப் பாதி உடம்பு கரைந்தது. அதற்குப் பிறகு தரை என்றாலே பயம். கீழே இறக்கினால் இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டு அலறினாள். வைத்தியம் பார்க்குமுன் நடக்காத குழந்தை, வைத்தியம் பார்த்தபின் தரையையே தொடாத குழந்தையாகிவிட்டது. இரவும் பகலும் யாராவது ஒருத்தர் இடுப்பில்தான் இருப்பு.

பக்கத்து வீட்டு மாகா ஒருநாள், ஆண்கள் கூடி வேர்ச்சாறான கவா குடிக்கும் இடத்தில் சோசையாவைத் தட்டிக்கொடுத்தான். மாகா சர்ச் பாட்டுக் குழுவுக்குத் தலைவன், மலை மாதிரி ஆள். “கவலப்படாதடா. எங்க வீட்ல எல்லாருமே ரெண்டு வயசுலதான் நடந்தோம். இப்ப எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?”

சோசையா இதை வீட்டில் சொன்னான். லூபே அதை மரத்தடிக்குக் கொண்டுபோனாள்.

“அது அவங்க குடும்பம். அவங்க கதை நமக்கெதுக்கு?” என்று வீகா திருப்பியனுப்பினாள். “எண்ணெய்க்கும் கேக்கல, மணலுக்கும் கேக்கலன்னா அது எலும்புதான். எங்கப்பா முட்டியில வேர் பாஞ்சிருக்கு. தோண்டி எடுத்தாத்தான் இவ நடப்பா.”

ஊரில் இது புதிதில்லை. புதைத்தவரின் எலும்பில் மரத்தின் வேர் ஏறினால், அவர் வழி வந்தவர்களுக்கு அதே இடத்தில் நோவு வரும். உபதேசியாரின் தீராத தலைவலி அவர் பெரியப்பாவின் மண்டையோட்டைத் துடைத்து வைத்தபிறகுதான் தீர்ந்தது. நர்ஸுக்கே இது தெரியும். அதைப் பற்றிப் பேசினால் காது கேட்காததுபோல் மாத்திரை எண்ணுவாள்.

“கல்லறையில எல்லார் மேலயும்தான் வேர் இருக்கும். அப்ப இந்த ஊர்ல ஒருத்தனும் நடக்க முடியாதேன்னு கேளு” என்றான் சோசையா.

“அடுத்தவன் எலும்பு அடுத்தவன் வீட்டுக்குத்தான்!” மரத்தடியிலிருந்து வந்த குரல் தெருவுக்கே கேட்டது. “சொந்த ரத்தமா இருந்தாத்தான் வேலை செய்யும். இதுகூடத் தெரியாம எங்கம்மா இவனுக்குச் சோறு போட்டிருக்காளே!”

லூபே அன்று தபால் வேலை பார்க்கவில்லை. உள்ளே வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

“இவளையும் பெட்டியில வாங்கிட்டு வர எனக்குத் தெம்பில்ல” என்றாள். “தோண்டிடுங்க.”

மறுநாள் விடியலில், சர்ச் மணிக்கு முன், மூன்று பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு சிக்கல் காத்திருந்தது. போன புயலில் மணல் மேடுகள் கலைந்து, சுற்றிக் குத்தியிருந்த பாட்டில்களும் மரச்சிலுவைகளும் காணாமல் போயிருந்தன. அம்மாவின் கல்லறைமேல் சிமெண்டுக் குருவி ஒன்று இருந்ததால் அது மட்டும் தப்பியது. அம்மாவுக்கு ஒரு பக்கம் அப்பா பேனி, மறுபக்கம் மாகாவின் அப்பா செமிசி. எந்தப் பக்கம் யார்? சோசையாவுக்குத் தெரியாது. அப்பா செத்தபோது அவன் நியூசிலாந்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தான்.

வீகா வேலிக்கு வெளியே, சாலையில் நின்றாள். லூபே குழந்தையோடு வேலி வாசலில். சோசையா உள்ளே.

“அம்மாவுக்கு வலப்பக்கம்னு சொல்லு” என்றாள் சாலையில் நின்ற வீகா, கடலைப் பார்த்தபடி.

“வலப்பக்கமாம்” என்றாள் லூபே.

சோசையா மனைவியைப் பார்த்து நின்றிருந்தான், கடலுக்கு முதுகு காட்டி. தன் வலக்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அந்தப் பக்கம் மண்வெட்டியைப் போட்டான். தகப்பனின் எலும்பைப் பார்க்க மனசில்லாமல் வீகா முதுகைத் திருப்பிக்கொண்டாள். லூபேயும் குழந்தையின் கண்ணைப் பொத்தி அந்தப் பக்கம் திரும்பினாள்.

தகப்பனின் தலையைப் பிள்ளை தொடக் கூடாது. உயிரோடு இருந்த காலத்திலும் சோசையா தொட்டதில்லை. ஆகவே தலைப்பக்கம் மண்ணை விலக்காமலே, கால் பக்கம் மட்டும் கையால் மெல்ல மெல்லத் தோண்டினான். கிழிந்த பாய் வந்தது. பிறகு எலும்பு. வலது முட்டியின் குறுக்கே, ஊசியில் நூல் கோத்ததுபோல், விரல் தடிமனில் ஒரு வேர்.

அவன் அதுவரை இதையெல்லாம் நம்பியதில்லை. இப்போது வேரை அறுத்து எடுத்து, முட்டியை எண்ணெய் போட்டுத் துடைத்து, புது வெள்ளைத் துணியில் சுற்றினான். துடைக்கத் துடைக்க அழுகை வந்துவிட்டது.

“அப்பா, மன்னிச்சுக்கப்பா. உன்னத் தூக்கக்கூட நான் வரல. ரொம்ப வலிச்சுதா? எம்பொண்ண மட்டும் நடக்க வச்சிடுப்பா” என்று ஒரு எலும்புக்கூட்டின் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். பிறகு மண்ணை மூடி, வெள்ளை மணலைப் பரப்பிவிட்டு வந்தான்.

சியாலே அன்று நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. ஆனால் மாகா நடந்து வந்தான். சனிக்கிழமை கல்லறைக்குப் பூ வைக்கப் போனவன், அங்கே சோசையா மறந்துவிட்டுப் போன எண்ணெய்ப் புட்டியோடு வந்தான். அந்தப் புட்டி ஊருக்கே தெரியும். குழந்தைகூட அதைப் பார்த்து அலறியது.

“எங்கப்பாவைத் தோண்டியிருக்கடா!”

சோசையா குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டான். “அக்கா வலப்பக்கம்னு...”

“எங்கப்பா சாகும்போது எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. அந்த எடத்துல பொதைன்னு கேட்டாரு. எங்கம்மா பக்கத்துலகூட வேணாம்னாரு. அங்கயும் அந்த மனுசன நிம்மதியா விடமாட்டியா?”

மாகா கையை ஓங்கினான். சோசையாவின் மடியில் குழந்தை இருந்ததால் இறக்கிக்கொண்டான். போகிறபோது வாசலில் இருந்த தண்ணீர்ப் பீப்பாயை உதைத்துவிட்டுப் போனான்.

சாயங்காலத்துக்குள் ஊர் இரண்டுபட்டது. பாட்டுக் குழுவில் பாதிப்பேர் மீதிப்பேரோடு பேசவில்லை. மாகாவின் மகன்கள் கத்தியோடு கல்லறை வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள்.

வீகா மட்டும் தளரவில்லை. “அதான பாத்தேன்! வேற வீட்டு முட்டிய நோண்டினா நம்ம குழந்தை எப்படி நடக்கும்? எங்கப்பா முட்டி இன்னும் அப்படியேதான் இருக்கு. மறுபடியும் தோண்டச் சொல்லு.”

“மறுபடியும் தோண்டினா என்னைப் புதைக்கவும் அங்கயே எடம் பாத்துடச் சொல்லு” என்றான் சோசையா.

கடைசியில் போதகர் தலையிட்டார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சோசையா குடும்பத்தோடு போய் மாகாவின் முற்றத்தில் மண்டியிட வேண்டும். மாகா மனமிரங்கி வெளியே வந்து எழுப்பும்வரை எழுந்திருக்கக் கூடாது.

ஊர் முழுக்க வேடிக்கை பார்க்க, சோசையாவும் லூபேயும் மன்னிப்புக் கேட்கும் முறைப்படி இடுப்பில் கிழிந்த பாயைச் சுற்றிக்கொண்டு, தலையில் புழுதி பட, வெயிலில் உட்கார்ந்தார்கள். முன்னால் ஒரு சுட்ட பன்றி. வீகா வேலிக்கு வெளியே. மாகா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே. பன்றிமேல் ஈ மொய்த்தது. லூபே தரையில் நெற்றியை வைத்து அழுதாள். செத்தவரைக்கூட ஒரு குழந்தைக்காக விட்டுவைக்கவில்லை, அப்படியும் ஒன்றும் நடக்கவில்லை, இனி மிச்சமிருப்பது பெரிய ஆஸ்பத்திரிதான் என்று அழுதாள்.

அழுகிற அவசரத்தில் மடியிலிருந்த சியாலே வழுக்கி இறங்கியதை அவள் கவனிக்கவில்லை. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு குழந்தையை யாரும் பிடிக்கவில்லை, உருவவில்லை, நிற்கச் சொல்லவில்லை.

கதவு திறந்தது. மாகா வாசற்படியில் வந்து நின்றான்.

சியாலே அவனைப் பார்த்தாள். அப்பாவின் தலையைப் பிடித்து எழுந்து நின்றாள். ஒரு காலை வைத்தாள். இன்னொரு காலை வைத்தாள். பன்றியைச் சுற்றிக்கொண்டு, குடித்தவன் மாதிரி ஆடி ஆடி முற்றத்தைக் கடந்துபோய், மாகாவின் முட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

“நடந்துட்டா!” என்று லூபே அலறிய அலறலில் மரத்திலிருந்த வௌவால்கள் கலைந்தன. பாட்டுக் குழுவில் சண்டை போட்டவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். சோசையா எழுந்திருக்கக் கூடாது என்பதால் உட்கார்ந்தபடியே தேம்பினான்.

வீகாவின் குரல் எல்லாவற்றையும் தாண்டி வந்தது. “நான் சொன்னேனா இல்லையா! வேர எடுத்ததும் நடந்துட்டா பாருங்க! எலும்பு பேசும்! சொந்த ரத்தமா இருந்தா அது எப்படிப் பேசாம...”

அவளே தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முற்றத்தில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. வேர் எடுத்தது செமிசியின் முட்டியிலிருந்து. அடுத்தவன் எலும்பு வேலை செய்யாது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னவள் வீகா. பாட்டுக் குழுப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு கல்லறைத் தோட்டம் இருக்கும் திசையைப் பார்த்தார்கள். போதகர் வேதப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டத் தொடங்கினார்.

“லூபே, உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லு...” என்றாள் வீகா, குரல் இறங்கி.

“என்ன சொல்லணும் அண்ணி?”

வீகா முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

மாகா தன் காலைக் கட்டிக்கொண்டிருந்த குழந்தையைக் குனிந்து பார்த்தான். அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்து, புழுதியில் கிடந்த சோசையாவுக்குக் கையை நீட்டினான்.

“எழுந்திருடா, உள்ள வா” என்றான். “நம்ம அப்பாவுக்கு உசுரோட இருக்கும்போதே அந்த முட்டியில வலிதான்.”