விருத்தாசலத்தில் நான் கை நனைத்த கதை

பயம் வந்தால் கையும் ஓடாது, காலும் ஓடாது என்பார்கள். எனக்குக் கைதான் ஓடாது. கால் பிரமாதமாக ஓடும். இந்த விஷயம் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும் என்றாலும், நான் பெண் பார்க்கப் போவதற்கு முந்தைய நாள் சாயங்காலமே என் மனைவி வாணிக்கும் தெரிந்துபோனதுதான் என் தலையெழுத்து. காரணம், விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு லாட்ஜ்.

அப்போது திண்டுக்கல்லில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா எனக்காகப் பெண் பார்க்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் "ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்" என்று சொல்லிவிட்டு வருவார். தகவல் மட்டும் போகாது. ஒரு பெண் சத்தமாகத் தும்மினாள் என்பதற்காகக்கூட ஒரு சம்பந்தம் நின்றது. (அவளுக்கு ஜலதோஷம், பாவம்.)

விருத்தாசலத்துப் பெண்ணோடு மட்டும் போனில் ஒரு தடவை பேசியிருந்தேன். அவள் அப்பா பீங்கான் பொம்மை செய்கிற சின்னப் பட்டறை வைத்திருந்தார். பொம்மைகளுக்குக் கண் எழுதுவது அவள் வேலை. நான் உளறியதற்கெல்லாம் அவள் சிரித்தாள். போனை வைத்தபோது, இந்தப் பெண்ணையும் அம்மா வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற கவலை பிடித்துக்கொண்டது. அதை அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் தைரியம் வேண்டுமே.

பெண் பார்க்கக் குறித்த நாளில் காலையிலேயே நல்ல நேரம் வந்துவிட்டதால், முந்தைய நாளே போய்த் தங்க வேண்டியிருந்தது. அப்பாவுக்கு மூட்டு வலி, அதனால் நானும் அம்மாவும் மட்டும். பெண்ணின் அப்பா போன் செய்து, தங்கள் வீட்டிலேயே தங்கலாமே என்று கூப்பிட்டார். அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். சம்பந்தம் முடிவாவதற்கு முன் பெண் வீட்டில் சாப்பிடக் கூடாது. அங்கே கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அப்புறம் பேச்சை மாற்ற முடியாது. அம்மா இன்னும் ஒரு படி மேலே போய், காபியைக்கூடத் தொட மாட்டார்.

அது மாசி மகத் திருவிழா சமயம். உருப்படியான லாட்ஜ் எல்லாம் நிரம்பியிருந்தன. கிடைத்தது இது ஒன்றுதான். கீழே ஒரு பக்கம் டாஸ்மாக், மறுபக்கம் அதற்குத் தோதாக முட்டை வறுவல் வண்டி. படியேறும்போதே யாரோ ஒருவர் இன்னொருவருடைய பரம்பரையைப் பற்றி உரக்க விளக்கிக்கொண்டிருந்தார். அறையில் ஒரு கட்டில், ஒரு பாய், எங்களுக்கு முன்னால் தங்கியவர் விட்டுப்போன சோப்புத் துண்டு. கண்ணாடி நிறைய ஒட்டுப்பொட்டு. கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள் இருந்தன.

மேனேஜரிடம் கேட்டேன். அவர் பல் குத்துவதை நிறுத்தாமல், "நாற்காலிய முட்டுக் குடுத்துக்குங்க சார். உள்ள இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆவாது. இருட்டுனப்புறம் வெளிய மட்டும் போவாதீங்க" என்றார். அவர் ஆறுதலாகச் சொன்னாரா, எச்சரித்தாரா என்று இன்று வரை தெரியவில்லை.

அம்மா ஒன்றையும் சட்டை செய்யவில்லை. ரயில் அழுக்குப் போக வேண்டும் என்று குளிக்கப் போய்விட்டார். நான் நாற்காலியை முட்டுக் கொடுத்து, அதன் மேல் பெட்டியை வைத்து, பெட்டியின் மேல் பக்கெட்டையும் வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன். (பக்கெட் வேண்டும் என்று அம்மா உள்ளிருந்து கத்தியதால் அதை மட்டும் திருப்பிக் கொடுத்தேன்.)

அப்போதுதான் அவர்களைப் பார்த்தேன். எதிரே டீக்கடை வாசலில் ஐந்தாறு பேர். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார்கள். தலை, மீசை, முகம், கை எல்லாம் வெள்ளை வெளேர் என்று பொடி அப்பியிருந்தது. அடையாளம் தெரியாமல் இருக்கத்தான் பூசியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். பீங்கான் பட்டறையிலிருந்து வேலை முடிந்து நேரே வருகிறவன் அப்படித்தான் இருப்பான் என்பது அந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாது.

அவர்களில் பெரிய மீசை வைத்திருந்தவர் நிமிர்ந்து எங்கள் ஜன்னலைக் கை காட்டினார். மற்றவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து ரோட்டைக் கடந்தார்கள். மீசைக்காரர் கையில் கனமாக ஏதோ துணிப்பையில் தொங்கியது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

போனில் போலீசைக் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டியது ஒன்றே ஒன்றுதான்: அறையை ஒட்டிப் பின்பக்கம் ஒரு படிக்கட்டு இருக்கிறது. குளியலறைக் கதவில் வாயை வைத்து, "அம்மா, வெளிய வராதீங்க, நான் போலீசோட வர்றேன்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியையும் பெட்டியையும் தள்ளிவிட்டு ஓடினேன். பனியன், லுங்கி, வெறுங்கால். பெற்ற தாயைத் தாழ்ப்பாள் இல்லாத அறையில் விட்டுவிட்டு ஓடுகிறோம் என்று கடைசிப் படியில்தான் உறைத்தது. உறைத்த பிறகும் கால் நிற்கவில்லை.

பின் சந்தில் ஒரு ஆட்டோ நின்றது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ என்றேன். டிரைவர் என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

"நீங்க திண்டுக்கல் சார் தான? இந்தக் கோலத்துல ஸ்டேஷனுக்கு இன்னாத்துக்கு? ஏறுங்க, மொதல்ல வூட்டுக்குப் போலாம்."

என் ஊர் இவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஆட்டோ இரண்டு மூன்று தெரு திரும்பி ஒரு வீட்டு வாசலில் நின்றது. வாசல் முழுக்கக் கண் எழுதாத பொம்மைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. வழியெல்லாம் பல வீட்டில் இதே காட்சிதான் என்பதால் ஒன்றும் தோன்றவில்லை. ஆட்டோக்காரரின் வீடு என்று நினைத்தேன். உள்ளே இருந்த அம்மாள் பதறிப்போய் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பேச்சு வராமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, "தம்பி, ரெண்டு இட்லி..." என்று இழுத்தார்.

அவர் முடிப்பதற்குள் சரி என்றேன். காலையில் ரயிலில் தின்ற வடைக்குப் பிறகு வயிற்றில் ஒன்றுமில்லை. அந்த அம்மாளின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆட்டோக்காரரும் ஏனோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். எவ்வளவு நல்ல ஜனங்கள் என்று உருகியபடி, ஆவி பறக்கிற இட்லியைக் கோழிக் குழம்பில் பிசைந்து அடித்தேன். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன். அந்த அம்மாள் குழம்பை ஊற்றிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

அப்போது உள் அறைக் கதவு திறந்தது. கையில் மெல்லிய பிரஷ்ஷோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். போட்டோவில் பார்த்த அதே முகம்.

வாயில் இருந்த இட்லியை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஆட்டோக்காரர் அவளுடைய அத்தை மகன் என்பதும், வெளியூர் ஆட்கள் அந்தச் சந்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அவள் அப்பாதான் அவரைப் பின்பக்கம் காவல் நிறுத்தியிருந்தார் என்பதும் மெல்ல மெல்ல விளங்கின. மீசைக்காரர் அவள் அப்பா, மற்றவர்கள் பட்டறை ஆட்கள்; எந்த லாட்ஜ் என்று அம்மாவிடம் போனில் கேட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். துணிப்பையில் இருந்தது எங்களுக்கான சாப்பாட்டுக் கேரியர்.

லாட்ஜில் நடந்ததை மாமனார் பிறகு எத்தனையோ தடவை நடித்தே காட்டியிருக்கிறார். ஈரத் தலையோடு வெளியே வந்த அம்மா அவர்களைப் பார்த்துப் பயப்படவில்லை. யார் என்று விசாரித்து, நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கேரியரை மட்டும் வாங்க மறுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. முடிவாகுற வரைக்கும் நானும் என் பையனும் பச்சத் தண்ணிகூடத் தொட மாட்டோம்."

அந்த நேரம் பார்த்து மாமனாரின் போன் அடித்தது. அவர் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார். மாமியாரின் குரல் அந்த மாடி முழுக்கக் கேட்டதாம்: "ஏங்க, மாப்ள நம்ம வூட்டுலதான் இருக்காரு. ரெண்டாந்தடவ கொழம்பு வாங்கிட்டாரு."

அம்மா கொஞ்ச நேரம் சுவரில் எவனோ அம்பு விட்டு வரைந்திருந்த இதயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, "குடுங்க, ஆறிடப் போகுது" என்று கேரியரை வாங்கிக்கொண்டார். மூன்று வருஷமாகக் காத்து வந்த கட்டுப்பாடு அத்தோடு முடிந்தது.

அம்மா சம்மதித்துவிட்டார். ஆனால் எனக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. தாயை விட்டுவிட்டு ஓடி வந்தவனை எந்தப் பெண் கட்டிக்கொள்வாள்? காலையில் முறைப்படி பெண் பார்த்தபோது எங்களைத் தனியாகப் பேசச் சொன்னார்கள். நான் அவள் விரலில் ஒட்டியிருந்த கறுப்புப் பெயிண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் ஆரம்பித்தாள்.

"நெஜமாவே அம்மாவ விட்டுட்டு ஓடியாந்துட்டீங்களா?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். பலனில்லை, ஊருக்கே தெரிந்திருந்தது. ஆமாம் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "சரி. அடுத்த தடவ ஓடும்போது முன்னாடியே சொல்லிடுங்க. நானும் செருப்பு மாட்டிக்கினு வந்துடுறேன்."

அந்த நிமிஷம் எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அழுதுவிடுவேன் போல இருந்தது.

கல்யாணம் ஆகி ஏழெட்டு வருஷம் ஆகிறது. அவள் சொன்ன சொல் மாறவில்லை. வீட்டில் பூனை பாத்திரத்தை உருட்டினால்கூட, "கெளம்பலாங்களா?" என்று செருப்பைத் தேடுவாள். மகளும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள். போன வாரம் திடீரென்று கரண்ட் போய், தெருவில் டிரான்ஸ்பார்மர் டமார் என்றது. இருட்டில் மூன்று பேர் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா அசையவே இல்லை.

"போறவங்க போங்க. கதவ மட்டும் சாத்திட்டுப் போங்க" என்றார்.