அம்மாவைப் படுக்கையில் போட்ட கதை

கோபக்காரர்கள் பொய் சொல்லக் கூடாது. அமைதியான ஆள் பொய் சொன்னால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும். நான் சொன்னது ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

எண்பதுகளின் கடைசி. அப்பா ஹெட் கான்ஸ்டபிள். பந்தோபஸ்துக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். போலீஸ் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நானும் அம்மாவும் தங்கையும் ராஜகீழ்ப்பாக்கத்தில் வாடகை வீட்டுக்கு வந்தோம். அம்மாவுக்கு வந்த குடும்ப பென்ஷனில்தான் அடுப்பு எரிந்தது.

அதற்கு ஒரு நிபந்தனை. வருடா வருடம் கோடையில் கருவூல ஆபீசுக்கு நேரில் போய், 'உயிரோடு இருக்கிறேன், மறுமணம் செய்துகொள்ளவில்லை' என்று கையெழுத்துப் போட வேண்டும். போகாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும்.

அந்த வருடம் அம்மா போக மாட்டேன் என்றாள்.

"போன வருசம் அத்தினி பேர் எதிர்ல அந்த கிளார்க்கு, 'மறுபடி கல்யாணம் எதுனா பண்ணிக்கினியாம்மா'ன்னு கேக்கறான்டி. உங்கப்பாவோட இருவத்தஞ்சு வருசம் குப்பை கொட்டனது பத்தாதா? இன்னொண்ணு வேற கேக்குதா எனக்கு?"

"ஃபார்ம்ல இருக்கறதத்தானேம்மா கேக்கறாரு."

"அப்ப அந்த ஃபார்மயே இட்டுனு போ. நான் வரல."

கடைசித் தேதிக்கு நாலு நாள்தான் இருந்தது. நானே போனேன். (இருபத்திரண்டு வயது. பி.காம். சட்டமெல்லாம் எனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு.)

"அம்மா வரலியா?" என்றார் கிளார்க்.

"நான் அவங்க பொண்ணு. உயிரோட இருக்காங்கன்னு நான் சொல்றேன், பத்தாதா?"

"நேர்ல பாக்கணும்மா. ரூலு."

'ரூல்' என்று யாராவது சொன்னால் அப்போதெல்லாம் எனக்குக் காது சூடாகிவிடும். "படுத்த படுக்கையா கெடக்கறாங்க சார்! ஒரு கை வராது, ஒரு கால் வராது! கஞ்சியக்கூட நான்தான் ஊட்டறேன்! கட்டிலோட தூக்கிட்டு வரட்டுமா?"

கஞ்சி வரைக்கும் ஏன் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வரிசையில் இருந்த பெரியவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அதில் எனக்கே அழுகை வந்துவிட்டது.

கிளார்க் எழுந்தே நின்றுவிட்டார். "அழாதம்மா. நடக்க முடியாதவங்கள நாங்களே வூட்டாண்ட வந்து பாப்போம். அட்ரஸ் குடு. நாளைக்குக் காலைல வரேன்."

கொடுத்தேன். பஸ் சேலையூர் தாண்டும்போதுதான் உறைத்தது.

அன்று அம்மாவிடம் சொல்ல தைரியம் வரவில்லை. மறுநாள் காலையில் பாயை விரித்தேன், மாத்திரை அட்டைகளைப் பரப்பினேன், கிண்ணத்தில் கஞ்சி வைத்தேன். "அம்மா, கொஞ்ச நேரம் படேன்" என்று ஆரம்பித்தேன். தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது.

நாலு நாளாக வராத லாரி! அம்மா இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு பறந்தாள். நான் பின்னால் ஓடிப் போய்ப் பார்த்தால், டயர்மேல் ஏறி நின்று, எதிர்வீட்டு சரோஜா அக்காவின் குடத்தைத் தள்ளிவிட்டு, ஹோஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறாள். சைக்கிளில் வந்து இறங்கிய கிளார்க், அவள் முதுகைப் பார்த்துக் கேட்டார்:

"யம்மா, கை கால் வராம படுத்த படுக்கையா ஒரு போலீஸ்காரர் சம்சாரம் கீறாங்களாமே, எந்த வூடு?"

"எவ அவ, எனக்குத் தெரியாம? இந்தத் தெருவுலயே போலீஸ்காரர் சம்சாரம் நான் ஒருத்திதான்!" என்று அம்மா திரும்பினாள். ஹோஸும் கூடவே திரும்பியது.

சொட்டச் சொட்ட நின்ற மனிதர் அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பென்ஷன் அங்கேயே செத்துவிட்டது என்று நினைத்தேன்.

"சார், பொய் சொன்னது நான்தான். அவங்களுக்கு எதுவும் தெரியாது. நிறுத்திடாதீங்க சார்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உயிரோட கீறாங்களான்னுதான் எளுதணும். இதுக்கு மேல இன்னா அத்தாச்சி வோணும்?" பையிலிருந்து ரிஜிஸ்டரை எடுத்து லாரி பம்பர்மேல் வைத்தார். "அப்பறம் அந்த இன்னொரு கேள்வி..."

அம்மா குடத்தைத் தூக்கினாள். அவரே 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த வருடத்திலிருந்து அம்மா தானே போய்வந்தாள். என்னை ஆபீஸ் வாசல்வரைகூடச் சேர்க்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே என் வீட்டுக்காரருக்கு இதை முழுசாகச் சொல்லிவிட்டாள். இன்றைக்கும் நான் காய்ச்சல் என்று படுத்தால் அந்த ஆள் தெர்மாமீட்டரைத் தேடுவதில்லை. வாசலில் நின்று "தண்ணி லாரி!" என்று கத்துகிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் அவர் கத்தி முடிப்பதற்குள் எழுந்து உட்கார்ந்திருப்பேன்.