வெயில் இருந்தும் மின்சாரம் வராத செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் சௌக்கியம். மனதளவில் எப்படி என்பதைக் கீழே படித்துத் தெரிந்துகொள்ளவும். அங்கே நீங்களும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன மாதம் நம் மொட்டைமாடியில் எட்டு சோலார் பேனல் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். முப்பத்தொரு வருஷம் பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்தவன் சும்மா இருப்பேனா? அரை மணிக்கொரு தடவை மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதினேன். மேகம் வந்தால் எண் இறங்குகிறது, விலகினால் ஏறுகிறது. நாம் உபயோகித்தது போக மிச்சம் தெருக்கம்பிக்குப் போகிறது என்றீர்களே, அது எந்த வீட்டு மிக்ஸியைச் சுற்றுகிறது என்று யோசித்தே பல நாள் மதியத் தூக்கம் போயிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். "இனிமே நம்ம வீட்டுல கரண்ட் கட்டே கிடையாது, யாருக்கு வேணும்னாலும் வரலாம்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்குக் கரண்ட் போனது. பதினொன்று இருபத்தெட்டுக்கு எதிர்வீட்டுத் தையல்காரம்மா மோட்டார் மிஷினைத் தூக்கிக்கொண்டு நம் கூடத்துக்கு வந்துவிட்டார். மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது, இருபது சீருடை பாக்கி. பின்னாலேயே செல்போனும் கையுமாக நாலு பேர். நான் கல்யாண வீட்டுக்காரன் மாதிரி எல்லாரையும் உட்கார வைத்து சுவிட்சைப் போட்டேன். மிஷின் அசையவில்லை. பேனும் சுற்றவில்லை. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில்! "மேல எட்டும் வெயிலக் குடிச்சிட்டுக் கிடக்கு, கீழ ஒரு பேன் சுத்தலையே" என்று உங்கள் அத்தை எல்லார் எதிரிலும் சொன்னாள். மாடிக்கு ஓடி ஈரத்துண்டால் எட்டையும் துடைத்தேன். பலனில்லை. பேனல் மாட்டிய கம்பெனிக்குப் போன் செய்தால், "கரண்ட் வந்தா சரியாயிடும் சார்" என்கிறான். "கரண்ட் வந்தா எனக்கு நீ எதுக்குய்யா?" என்று கேட்டேன். வைத்துவிட்டான்.

தையல்காரம்மா மிஷினைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். லைன்மேன் கம்பத்தின் மேல் இருந்தார்.

"ஏம்ப்பா, என் வீட்டு மேல சூரியன் இருக்கு, பேனல் இருக்கு, கரண்ட் மட்டும் எங்க போச்சு?"

"நல்லவேளை சார், போச்சு."

"என்னது?"

"நான் புடிச்சிருக்கிற கம்பி எங்க போகுதுன்னு பாருங்க. உங்க வீட்டுக்குத்தான். தெருவுல கரண்ட் இல்லேன்னா உங்க பேனலும் தானா நின்னுக்கும். நிக்காம இந்தப் பக்கம் அனுப்பிச்சிருந்தா, நீங்க இப்ப என்கூடப் பேசிட்டு இருக்க மாட்டீங்க."

கம்பியைப் பார்த்தேன், அவர் கையைப் பார்த்தேன். "பாத்து இறங்குப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மூன்று ஐந்துக்குக் கரண்ட் வந்தது. தையல்காரம்மா சீருடைகளை எப்படியோ முடித்துவிட்டாராம்.

விஷயம் நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெருவில் ஒவ்வொருவரிடமும் போய் இதை விளக்க முடியுமா? பால் வாங்கப் போனால், "என்ன சார், உங்க வீட்டுலயும் கட்டா?" என்று சிரிக்கிறார்கள். ஆகையால் மாப்பிள்ளை, தயவுசெய்து ஆள் அனுப்பி எட்டையும் கழற்றிவிடவும். இது என் முடிவான முடிவு.

மகளுக்கு என் ஆசீர்வாதம். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் லைன்மேன் வந்தார். தெருக்கம்பியிலிருந்து வீட்டைத் தனியாகப் பிரித்து ஓட்டுகிற ஒரு கருவியும் பேட்டரியும் வைத்தால், கட் ஆனாலும் நம் வீட்டில் மட்டும் எரியுமாம், அவருக்கும் ஆபத்து இல்லையாம். அதை வாங்கி வரவும். அவர் வந்தது அதற்காக அல்ல. தன் வீட்டு மாடியிலும் பேனல் வைக்க வேண்டும், எத்தனை பிடிக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று என்னைக் கேட்டார். என்னை! நாளைக் காலை ஆறு மணிக்குப் போகிறேன். கழற்ற ஆள் வேண்டாம். நீளமான அளவு டேப் ஒன்று அனுப்பவும்.