ஊசி மட்டும் ஆடுகிறது

"ஊசி நல்லா ஆடுது கற்பகம். சத்தம்தான் வரல."

தனசேகரன் தலையில் புது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஊர் விட்டு ஊர் பேசும் தன் ஹாம் ரேடியோவின் மீட்டர் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டுப்புடவை வியாபாரி. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர். இத்தனை நாளும் கூச்சத்தால், மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்ததோடு சரி. இன்றுதான் வாயைத் திறந்திருக்கிறார். திறந்த நேரம், ரேடியோ ஊமையாகிவிட்டது.

"நேத்துகூட பேசிகினு இருந்துதே?" என்றாள் மனைவி கற்பகம்.

"அதான் எனக்கும் புரியல. இந்த ஹெட்செட் ரொம்ப ஒஸ்தி. பட்டனே அழுத்த வேணாம். மைக்ல சத்தம் விழுந்தா தானா அனுப்பும், சத்தம் நின்னா தானா கேக்கும். நான் பாட்டுக்குப் புடவை மடிச்சிகினே பேசலாம்."

"யார்கிட்ட?"

நியாயமான கேள்வி. தனசேகரனுக்குச் சுருக்கென்றது.

"கல்யாண சீசன்ல புடவைக் கட்டுங்க தரையில கெடக்குது, இது மேசைமேல உக்காந்துகினு இருக்குது" என்றாள் அவள். "சாப்பாட்டு நேரத்துக்குள்ள ஒருத்தராவது உங்ககிட்ட பேசட்டும். மேசை உங்களுது. இல்லன்னா இது பரண்மேல ஏறும்."

தனசேகரன் ஒப்புக்கொண்டார். மறுபடி மைக்கில், "ஆரணியிலிருந்து தனசேகரன். யாராவது இருக்கீங்களா?" என்றார். ஊசி துள்ளியது. பேசி முடித்த பிறகும் துள்ளியது.

"பாத்தியா, யாரோ பதில் சொல்றாங்க. காதுல மாட்டியிருக்கிறதுதான் செத்துப்போச்சு."

மைக்செட் கடை ஜெயவேலிடமிருந்து ஒரு ஸ்பீக்கர் வந்தது. ஹெட்செட்டின் மைக் இருந்த இடத்திலேயே இருக்க, காதுக்கான ஒயரைப் பிடுங்கி அதில் ஸ்பீக்கரை மாட்டினார். திருவிழாவுக்கே போதுமான ஸ்பீக்கர். அதிலும் ஒன்றும் வரவில்லை.

"அக்கம்பக்கத்துச் சத்தத்துல கேக்கலியோ?"

கற்பகம் காதைத் தீட்டிப் பார்த்தாள். "இன்னா சத்தம்? அமைதியாத்தான இருக்குது."

அடுத்த வீட்டில் குப்புராஜின் பவர்லூம் தறிகள் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தன. அந்தத் தெருவில் அதைச் சத்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

"அப்போ நம்ம குரல்தான் அவங்களுக்கு எட்டல" என்று முடிவு செய்த தனசேகரன், உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்த, அனுப்பும் சக்தியைக் கூட்டும் பவர் ஆம்ப்ளிஃபயரை எடுத்து ரேடியோவோடு இணைத்தார். ஊசி பேயாட்டம் ஆடியது. வாசலில் காலிங் பெல் அடித்தது. கற்பகம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"யாரும் இல்லிங்க. அதுவா அடிக்குது."

"பவர் ஏறுதுன்னு அர்த்தம்."

"பேஜாரா போச்சு" என்றாள். ஆனாலும் அவளுக்கும் ஆவல் தொற்றிக்கொண்டது. பக்கத்தில் குனிந்து, "யாரா இருக்குங்க? தெள்ளாரா, களம்பூரா?" என்று ஊசியை உற்றுப் பார்த்தாள்.

"தெரியலியே" என்றார் தனசேகரன். அவருக்கு அழுகையே வந்துவிடும்போலிருந்தது. ஆசை ஆசையாய்ப் பேச வந்த முதல் நாள். எங்கோ ஒருவர் விடாமல் பேசுகிறார், அதைக் கேட்கத்தான் கொடுத்துவைக்கவில்லை.

சாப்பாட்டு நேரம் வந்தது. கற்பகம் பரணுக்கு ஏணியைச் சாத்தினாள். அடுத்த வீட்டில் குப்புராஜும் தறிகளை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஊசி படுத்தது. ஸ்பீக்கர் கரகரத்தது. அதிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"அப்பாடா, தறிய நிறுத்திட்டாங்க. ஆரணி அண்ணா, வெம்பாக்கத்துலருந்து ஜினமதி பேசறேன். காலையிலருந்து உங்க வீட்டுப் பேச்சும் அந்தத் தறிச் சத்தமும் தவிர இந்த லைன்ல ஒண்ணும் இல்ல, நாங்க யாரும் வாயத் தொறக்க முடியல. அண்ணி சொல்றதுதான் நியாயம், ஜல்தியா அதப் பரண்மேல ஏத்திடுங்க."